வாட்ஸ்அப்பில் வந்த "திருகோணமலை தாழ்கிறது" படம்: ரேடாரால் உண்மையிலேயே அளக்க முடியுமா?

களப்போரம்:

வணக்கம், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள் பெரும்பாலும் களப்பு ஓரத்தில் கண்டல் நின்ற சேற்று நிலத்தை டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி நிரப்பிக் கட்டியவை. போன மாரி முடிந்ததிலிருந்து நாலைந்து வீடுகளில் சுவர் வெடிப்பு தெரிகிறது, ஒரு வீட்டு மதில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, இன்னொரு வீட்டில் திண்ணைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. இந்த நேரம் பார்த்து ஒரு படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நகரத்தின் மேலும் உள் துறைமுகத்தின் மேலும் நிற வளையங்கள் போட்டு, "செய்மதி ரேடார் ஆய்வு: திருகோணமலை 3 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். யார் செய்தது, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில், ஒன்றும் இல்லை. வயதானவர்கள் பயந்து போயிருக்கிறார்கள். ஒரு குடும்பம் வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்று பேசத் தொடங்கிவிட்டது.

விண்வெளியில் பறக்கிற ஒன்று நிலம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கியதை எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தப் படத்தை நம்பலாமா? டேட்டா இலவசம் என்றால் ஒரு சாதாரண லப்டொப்பில் நாங்களே செய்து பார்க்க வழி உண்டா? எனக்குக் கணினி ஓரளவு வரும், நில அளவை பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் ஒழுங்கைக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன்.

அலைநீளம்:

முதல் கேள்விக்குப் பதில், முடியும். 1992இல் கலிபோர்னியாவில் லான்டர்ஸ் நிலநடுக்கம் வந்தபோது ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 செய்மதி அதற்கு முன்பும் பின்பும் எடுத்த ரேடார் பதிவுகளை ஒப்பிட்டு, நிலம் எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று முழு வரைபடமே போட்டார்கள். அது 1993இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எரிமலை, சுரங்கம், நிலத்தடி நீர் உறிஞ்சும் நகரங்கள் என்று எல்லா இடத்திலும் இந்த முறை பயன்படுகிறது. இன்சார் என்பார்கள்.

வேலை செய்கிற விதம் இதுதான். இப்போது இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-1 செய்மதி ஏறத்தாழ 693 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. அது அனுப்புகிற அலையின் நீளம் சுமார் 5.5 சென்ரிமீற்றர். அலை கீழே வந்து கூரையிலோ பாறையிலோ பட்டுத் திரும்பும்போது, எவ்வளவு பலமாக வந்தது என்பதோடு, அலையின் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் செய்மதி பதிகிறது. அதே செய்மதி 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து அதே கூரையை மறுபடி பார்க்கிறது. இடையில் கூரை கொஞ்சம் இறங்கியிருந்தால் அலை போய்வரும் தூரம் கூடியிருக்கும், கட்டம் மாறியிருக்கும். இரண்டு பதிவுகளின் கட்டங்களையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் பார்த்த நிற வளையங்கள். அலை போகவும் வரவும் இரண்டு தடவை அந்தத் தூரத்தைக் கடப்பதால், அலைநீளத்தில் பாதி, அதாவது 2.8 சென்ரிமீற்றர் மாறினால் நிறம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிடும். இதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு வந்த படத்தில் யாரோ ஒரு வளையத்தை எண்ணி அதையே "3 சென்ரிமீற்றர்" என்று எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதை நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் காற்று. ரேடார் அலை காற்றிலுள்ள ஈரப்பதத்தைக் கடக்கும்போது சற்றுத் தாமதமாகிறது, அந்தத் தாமதமும் தூரம் கூடியது போலவே பதிவாகும். வாடைக்காற்றில் கருமேகம் கூடிய ஒரு நாளையும் வானம் வெளித்த ஒரு நாளையும் எடுத்து ஒப்பிட்டால், நிலம் அசையவே அசையாத இடத்திலும் சில சென்ரிமீற்றர் அசைவு தெரியும். ஒரே ஒரு சோடிப் பதிவில் வந்த வளையம் நிலம் தாழ்ந்ததா மேகம் போனதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, நிபுணராலும்தான். அதனால்தான் நிறையப் பதிவுகளை வரிசையாக வைத்துக் கணக்கிடுவது: மேகம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், தாழ்கிற நிலம் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். 2001இல் மிலானைச் சேர்ந்த ஃபெரெத்தி, பிராத்தி, ரொக்கா மூவரும் வெளியிட்ட நிலையான எதிரொளிப்புப் புள்ளி முறையும் (கூரை, பாறை போல மாறாமல் அலையைத் திருப்புகிற இடங்களை மட்டும் புள்ளிகளாக எடுப்பது), அடுத்த ஆண்டு இத்தாலியிலிருந்தே பெரார்தினோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட குறுந்தூரச் சோடி முறையும் (செய்மதி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று எடுத்த பதிவுகளைச் சோடி சேர்ப்பது) செய்வது இதைத்தான். ஒன்றிரண்டு வருடப் பதிவு கையில் இருந்தால் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் வரைக்கும் நம்பிக்கையோடு சொல்லலாம்.

இன்னொரு சோதனை உங்களாலேயே செய்ய முடியும். படத்தைத் திறந்து உள் துறைமுகத்தின் மேலும் கொட்டியாரக்குடாவின் மேலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடல் நீர் நொடிக்கு நொடி மாறுவதால் 12 நாள் இடைவெளியில் அங்கே இரண்டு பதிவுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் மிஞ்சாது, ஒழுங்கற்ற புள்ளிகள்தான் வர வேண்டும், அல்லது அந்தப் பகுதி வெட்டி நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடலின் மேலும் அழகாக வளையம் ஓடினால், நிலத்தில் கிடைத்த எண்களை மென்பொருள் நீட்டி வரைந்திருக்கிறது, அல்லது படம் வேறெதற்கோ செய்தது. நீங்கள் துறைமுகத்தின் மேலும் வளையம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றே போதும், அந்தப் படத்தை வைத்து யாரும் வீட்டை விற்க வேண்டாம்.

மட்டக்குழாய்:

தங்கச்சி அலைநீளம் சொன்னது விளங்கியது, நல்லாச் சொன்னீர்கள். நான் கட்டட வேலைக்காரன், திருமலையைச் சுற்றி நிரப்பின காணிகளில் நிறைய வீடு கட்டியிருக்கிறேன், அதனால் தரையில் இருந்து ஒரு பேச்சு.

தம்பி களப்போரம், முதலில் வெடிப்பைப் பாருங்கள். பூச்சில் மட்டும் சிலந்தி வலை போலக் கீறல் இருந்தால் அது சீமெந்து காய்ந்தது, நிலத்தோடு சம்பந்தமில்லை. கொங்கிறீட் தட்டுக்குக் கீழே சுவர் முழுக்கப் படுக்கையாக ஓடினால் வெயிலில் தட்டு விரிந்து சுருங்கியது. யன்னல் மூலையில் தொடங்கிக் கல்லுக்கல்லாகப் படிபோலச் சரிந்து போனால்தான் அத்திவாரத்தை யோசிக்க வேண்டும். அதிலும் மேலே அகலமாகக் கீழே ஒடுக்கமாக இருந்தால் வீட்டின் கரை இறங்குகிறது, கீழே அகலமாக இருந்தால் நடு இறங்குகிறது. திண்ணைக்கும் சுவருக்கும் இடைவெளி விழுந்ததென்றால் பெரும்பாலும் உள்ளே போட்ட மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் தரை இறங்கியிருக்கும், சுவர் இறங்கியிருக்காது. மதில் சாய்ந்ததற்கும் உடனே பயப்பட வேண்டாம், மதிலுக்கு அரை அடி அத்திவாரம் போட்டு, மழைத்தண்ணீர் போக ஓட்டை விடாமல் கட்டினால் பின்னால் மண் ஊறித் தள்ளத்தான் செய்யும்.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி விடுங்கள். அசைந்தால் கண்ணாடி உடையும்.

அப்புறம் மட்டக்குழாய். என் பெயருக்காகச் சொல்லவில்லை. தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் தட்டி எடுத்து, வீட்டின் எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் ஆணி அடித்து வையுங்கள். மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, வெயில் காலத்தில் ஒருமுறை அதே ஆணிகளைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். செலவு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஆணிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கையே எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைந்துவிடலாம். செய்மதி ஆயிரம் சொன்னாலும் உங்கள் வீட்டின் இந்த மூலை இறங்கியது, அந்த மூலை இறங்கவில்லை என்பதை இதுதான் சொல்லும்.

அலைநீளம்:

அண்ணா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விடயம், நான் ஆமோதிக்கிறேன். ஏன் என்பதைக் காணிக் கணக்கில் சொல்கிறேன். சென்டினல்-1 தரையைப் பார்க்கிற அளவு கிட்டத்தட்ட 5 மீற்றருக்கு 20 மீற்றர். ஆனால் நாம் எடுக்கிற ஆயத்தப் படங்களில் இரைச்சலைக் குறைக்கப் பல புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்திருப்பார்கள். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் செய்மதி நிலையம் தருகிற ஆயத்தப் படத்தில் ஒரு புள்ளி 80 மீற்றர் சதுரமாகவோ 40 மீற்றர் சதுரமாகவோ இருக்கும். 80க்கு 80 என்றால் 6400 சதுர மீற்றர், அதாவது சுமார் 253 பேர்ச். 10 பேர்ச் காணி 25 அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிப்போகும். 40 மீற்றராக எடுத்தாலும் ஆறு காணி. உங்கள் வீட்டுச் சமையலறை மூலை மட்டும் 2 சென்ரிமீற்றர் இறங்கினால் அது இந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். சுவர் வெடிப்பது மூலைக்கு மூலை உள்ள வித்தியாசத்தால், ரேடார் பார்ப்பது வட்டாரத்துக்கு வட்டாரம் உள்ள வித்தியாசத்தை. ஒழுங்கை முழுவதும் ஒரே சீராக இறங்கினால் ஒரு சுவரும் வெடிக்காமலேயே இருக்கலாம், அப்போது ரேடாருக்குத்தான் தெரியும், மட்டக்குழாய்க்குத் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள இன்னும் சில. செய்மதி நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சரிந்து பார்க்கிறது, செங்குத்திலிருந்து 30 முதல் 45 பாகை வரை. 39 பாகைச் சரிவில் நிலம் 10 மில்லிமீற்றர் நேர் கீழே இறங்கினால் செய்மதிக்குத் தெரிவது 7.8 மில்லிமீற்றர்தான். பக்கவாட்டு அசைவும் அதற்குள் கலந்து வரும், வடக்கு தெற்கு அசைவோ கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது.

எல்லா எண்ணும் இன்னொரு புள்ளியோடு ஒப்பிட்ட எண். "3 சென்ரிமீற்றர் தாழ்ந்தது" என்றால் எதை விட என்று கேட்க வேண்டும். இந்த விடயத்தில் திருகோணமலை கொடுத்து வைத்த ஊர். கோணேசர் மலையும் அதை ஒட்டிய குன்றுகளும் கெட்டியான குவாட்சைட் பாறை, ஆயிரக்கணக்கான வருடம் நகராத பாறை. உவர்மலைப் பக்கம் பாறை வெளியே தெரிகிற இடத்தையோ கோட்டைக்குள் பாறை மேல் நிற்கிற பழைய கட்டடத்தையோ குறிப்புப் புள்ளியாக வைத்து, மணலிலும் நிரப்பிய சேற்றிலும் இருக்கிற வீடுகள் அதை விட எப்படி அசைகின்றன என்று பார்க்கலாம். தூரமும் சில கிலோமீற்றர்தான் என்பதால் காற்றின் பிழையும் பாதி இரண்டு இடத்துக்கும் பொதுவாகி அடிபட்டுப்போகும். இராவணன் வெட்டுப் பக்கத்துச் செங்குத்துச் சரிவை மட்டும் குறிப்பாக எடுக்காதீர்கள், சரிந்து பார்க்கிற ரேடாருக்கு அங்கே மலையின் மேலும் கீழும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

கிண்ணியாவிலிருந்து:

நல்ல இழை. எனக்கும் ஒரு கேள்வி. தம்பலகாமம் பக்கம் எங்களுக்கு வயலும் உண்டு, கிண்ணியாவில் களப்பை ஒட்டி வீடும் உண்டு. வயல்காரர் சிலர் குழாய்க்கிணறு போட்டு இறைப்பதால் நிலம் இறங்குகிறது என்று சொல்கிறார்கள். வெளிநாட்டில் அப்படி நடந்ததாகவும் வாசித்தேன். வயல் இறங்குவதை ரேடார் காட்டுமா?

அலைநீளம்:

கிண்ணியா நானா, வயலைச் சென்டினல் நன்றாகப் பார்க்காது. 5.5 சென்ரிமீற்றர் அலை நெற்பயிரின் இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். உழவு, தண்ணீர் கட்டுதல், பயிர், அறுவடை என்று 12 நாளுக்கு ஒருமுறை பரப்பே மாறுவதால் இரண்டு பதிவுக்கும் தொடர்பு அறுந்துபோகும். வயல் நடுவே உள்ள மதகு, சிறு பாலம், களஞ்சியக் கூரை, வீதியோரக் கட்டடம் இவைதான் புள்ளியாக நிற்கும். நீண்ட அலை இலைகளைக் கடந்து நிலத்தைத் தொடும், அதற்குத்தான் ஜப்பானின் ஆலோஸ் செய்மதி வரிசையில் 24 சென்ரிமீற்றர் அளவான அலையை வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவிய நைசார் செய்மதியிலும் நாசாவின் 24 சென்ரிமீற்றர் அலையோடு இஸ்ரோவின் 10 சென்ரிமீற்றருக்குக் கிட்டிய அலையும் சேர்ந்து இருக்கிறது, அதுவும் 12 நாளுக்கு ஒருமுறை வரும். வயலுக்கும் கண்டலுக்கும் நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.

ஆனால் நீண்ட அலைக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது, அது குறிப்பாக நம் பக்கத்துத் தொல்லை. மேலே உள்ள மின்னேற்றப்பட்ட காற்று மண்டலம், அயன மண்டலம், நீண்ட அலையைக் குறுகிய அலையை விடப் பல மடங்கு குழப்பும், அந்த மண்டலம் காந்த நடுக்கோட்டை (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கிற கோடு) ஒட்டிய இடங்களில் மாலை நேரத்தில் கொந்தளிக்கும். கேரளத்தின் தும்பாவில் இந்தியா 1963இல் ராக்கெட் விடத் தொடங்கியதே அந்தக் காந்த நடுக்கோடு அதன் மேலே போகிறது என்பதற்காகத்தான். தும்பாவும் திருகோணமலையும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் இருக்கின்றன. ஆகவே இங்கே வேலை செய்கிறவர்கள் அயனத் திருத்தம் செய்யாமல் நீண்ட அலைப் படத்தை நம்பக் கூடாது, முடிந்தால் செய்மதி காலையில் கடக்கிற பாதையின் பதிவை எடுப்பது நல்லது.

இறைப்பதால் நிலம் இறங்குவது உண்மை. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925க்கும் 1977க்கும் இடையில் ஓரிடத்தில் நிலம் சுமார் 9 மீற்றர் இறங்கியது. மெக்சிக்கோ நகரத்தில் சில இடங்கள் இன்றும் வருடத்துக்கு அரை மீற்றர் அளவில் இறங்குகின்றன. இரண்டு இடத்திலும் கீழே தடித்த களிமண் படுக்கைகள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணலில் தண்ணீர் வற்றினால் மணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், பெரிதாக இறங்காது. களிமண்ணிலும் சேற்றிலும் மணிகளுக்கு நடுவே உள்ள தண்ணீர்தான் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது, அது போனால் மண் நெருங்கிவிடும், திரும்பத் தண்ணீர் வந்தாலும் பழைய அளவுக்கு எழும்பாது. ஆகவே கரையோர மணலில் இருக்கிற வீட்டுக்கிணற்று இறைப்பை நான் முதலில் சந்தேகப்பட மாட்டேன். அங்கே இறைத்தால் முதலில் வருவது உவர் நீர்தான்.

களப்போரம்:

அக்கா, அண்ணா, மிகவும் நன்றி. வெடிப்புகளைப் போய்ப் பார்த்தேன், இரண்டு வீட்டில் யன்னல் மூலையில் இருந்து படிபோலத்தான் போகிறது, மேலே அகலம். மற்ற வீடுகளில் பூச்சுக் கீறல்தான். அப்படியானால் எங்கள் இடத்தில் கிணறு காரணமில்லை, நிரப்பிய மண்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அது எவ்வளவு காலம் இறங்கிக்கொண்டே இருக்கும்?

அலைநீளம்:

உறுதியாகச் சொல்ல மண்ணைத் துளையிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து என் கையை எங்கே வைப்பேன் என்றால் அங்கேதான் வைப்பேன். கண்டல் நின்ற கறுப்புச் சேறு, அதன் மேல் சில அடி கிரவல், அதன் மேல் வீடு. ஊறிய மாவைத் துணியில் கட்டிக் கல்லேற்றி வைத்தால் தண்ணீர் மெல்ல மெல்ல வடிவது போலத்தான் அந்தச் சேற்றிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. சேற்றுப் படுக்கை இரண்டு மடங்கு தடிப்பானால் வடிந்து முடிகிற காலம் நான்கு மடங்காகும். அதனால் ஒரே ஒழுங்கையில் சேறு மெல்லிதாக இருந்த வீடு ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிடும், தடிப்பாக இருந்த வீடு பல வருடம் இறங்கும். ஒரு வீட்டின் கீழேயே ஒரு பக்கம் மெல்லிது, மறுபக்கம் தடிப்பு என்றால் கரை இறங்கி, அண்ணா சொன்ன மேலே அகலமான வெடிப்பு வரும்.

இங்கேதான் ரேடார் வரிசை கைகொடுக்கும். நிரப்பிய மண்ணின் பாரத்தால் வருகிற தாழ்வு ஆரம்பத்தில் வேகமாக இருந்து வருடம் போகப்போகத் தணியும், தேதி வரிசையில் வரைந்தால் கோடு வளைந்து தட்டையாகும். நிலத்தடி நீர் இறைப்பதால் வருகிற தாழ்வு வெயில் காலத்தில் இறங்கி மாரியில் கொஞ்சம் எழும்பி, மொத்தத்தில் சரிந்துகொண்டே போகும். கீழே குழாய் உடைந்து மண் அரித்தால் நேற்று வரை தட்டையாக இருந்த கோடு திடீரென்று விழும். ஒரு வருடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்ற ஒற்றை எண்ணை விட அந்தக் கோட்டின் வடிவம்தான் உங்களுக்குப் பெறுமதியானது. கோடு தணிந்துகொண்டு வந்தால், வெடிப்பைச் சரிசெய்து அங்கேயே இருக்கலாம் என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டிய பெரிய கட்டடம் சேற்றைக் கடந்து கெட்டியான தரையில் நிற்கும். சுற்றி நிலம் இறங்கினாலும் அதன் கூரை இறங்காது. ரேடாருக்கு நன்றாகத் தெரிவது கூரைகள்தான். பெரிய கட்டடங்கள் நிறைந்த இடத்தில் "இங்கே அசைவில்லை" என்று வந்தால், வாசற்படிக்கும் வீதிக்கும் நடுவே புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மலையகம்:

பண்டாரவளைப் பக்கத்தில் இருந்து ஒரு குறிப்பு. உமா ஓயா சுரங்கம் தோண்டும்போது 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் பாய்ந்தது, அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்து, மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வெடிப்பு எப்போது தொடங்கியது, சுரங்க வேலைக்கு முன்பே இருந்ததா என்பதுதான் அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் எழுந்த கேள்வி. தேதி போட்ட படம் வைத்திருந்தவர்களுக்குப் பேச வலு இருந்தது. ஆகவே அந்த அண்ணா சொன்ன பென்சில் கோட்டை இன்றே போடுங்கள், கிணற்றின் நீர்மட்டத்தையும் மாதம் ஒருமுறை கொப்பியில் எழுதுங்கள். ரேடார் பதிவுக்கு உள்ள பெரிய பலமும் இதுதான், நீங்கள் தொடங்குவதற்கு முன்னரே அது எடுத்து வைத்திருக்கிறது. சென்டினல்-1ஏ 2014 ஏப்ரலில் இருந்து பறக்கிறது, பழைய பதிவுகளை இன்றைக்கு எடுத்தாலும் அன்றைக்கு நடந்ததைப் பார்க்கலாம்.

களப்போரம்:

இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அப்படியென்றால் எங்கள் இடத்தை நிரப்பத் தொடங்கிய காலத்திலிருந்தே பார்க்கலாம். இனி லப்டொப் கேள்வி. எங்கே தொடங்குவது? அலுவலகத்துக்குப் போவதென்றால் யாரிடம்?

அலைநீளம்:

முதலில் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திருப்பிப் பார்த்து, கண்டல் எந்த வருடம் மறைந்தது, கிரவல் எந்த வருடம் வந்தது என்று ஒவ்வொரு காணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ரேடார் கோட்டை வாசிக்க அந்த வருடம் வேண்டும்.

மூலப் பதிவை இறக்கி ஐரோப்பிய விண்வெளி முகாமையின் ஸ்னாப் மென்பொருளில் செய்யலாம், இலவசம்தான், ஆனால் ஒரு கோப்பே சில ஜிபி இருக்கும், 8 ஜிபி நினைவகம் உள்ள லப்டொப் மூச்சுத் திணறும். அதனால் நான் சொல்வது, அலாஸ்கா நிலையத்தின் தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, திருகோணமலையைச் சுற்றிப் பெட்டி வரைந்து, சோடிகளைத் தெரிவுசெய்து அங்கேயே செய்யச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு அளவு வரை பணம் இல்லை. சிறு துண்டாக எடுத்தால் 20 மீற்றர் புள்ளியும் கிடைக்கும், அது சுமார் 16 பேர்ச், ஒழுங்கைக்கு அதுதான் பொருந்தும். கிடைத்த படங்களை மின்ட்பை என்ற இலவச நிரலில் வரிசையாக்கலாம், பைதன் கொஞ்சம் தெரிந்தால் போதும். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகிப்போனது, அடுத்த செய்மதி 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது, அந்தக் காலத்தில் பதிவுகள் ஐதாக இருந்தால் குழம்ப வேண்டாம். மேல்நோக்கிய பாதை (செய்மதி வடக்கே போவது), கீழ்நோக்கிய பாதை (தெற்கே போவது) இரண்டையும் தேடிப் பார்த்து எது நம் பகுதியில் ஒழுங்காகக் கிடைக்கிறதோ அதில் தொடங்குங்கள். இரண்டும் கிடைத்தால் செங்குத்து அசைவையும் கிழக்கு மேற்கு அசைவையும் பிரிக்கலாம்.

அடுத்தடுத்த இரண்டு பதிவுக்கு இடையில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றை விட ஒன்று 1.4 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் நிறச் சுற்றை எண்ணுவதில் தவறு வரும். புதிதாக நிரப்பிய காணியில் முதல் மாதங்களில் அப்படி நடக்கலாம், அந்தக் காலத்து எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

மட்டக்குழாய்:

அலுவலகம் பற்றி நான் சொல்கிறேன். கிராம சேவகரிடம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரச் சொல்லிக் கேளுங்கள். தனி ஆளாகப் போனால் உங்கள் வீட்டு அத்திவாரம் பிழை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வைத்துப் போங்கள். வெடிப்புப் படம், ஆணி அளவு, கிணற்றுக் கொப்பி, தங்கச்சி சொன்ன ரேடார் கோடு எல்லாம் ஒரு கோப்பில் இருந்தால் வருகிற பொறியியலாளருக்கும் வேலை லேசு.

மண் துளைத்துப் பார்க்காமல் யாரும் அத்திவாரத்தின் கீழ் சீமெந்துக் கூழ் அடிக்கிறேன், தூண் இறக்கித் தருகிறேன் என்று வந்தால் பணம் கொடுக்க வேண்டாம். இறங்கி முடியாத நிலத்தில் அடித்த கூழ் இன்னும் பாரத்தைக் கூட்டும். மழைத்தண்ணீரைக் கூரையில் இருந்து பீலி வைத்து வீதிக் கானுக்குக் கொண்டு போங்கள், மலசலகூடக் குழி அத்திவாரத்துக்குக் கிட்ட இருந்தால் கசிகிறதா பாருங்கள். இவை இரண்டையும் இந்த மாரிக்கு முதலே செய்துவிடலாம்.

கிண்ணியாவிலிருந்து:

நானும் களப்போரத்தோடு சேர்ந்து செய்கிறேன், இரண்டு கரையையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வளவில் புள்ளியே கிடைக்காவிட்டால் நாங்களாக ஏதாவது வைத்து ரேடாருக்குத் தெரியப்படுத்த முடியுமா?

அலைநீளம்:

முடியும் நானா. மூன்று முக்கோண அலுமினியத் தகட்டை ஒரு மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால், வந்த அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சென்டினலுக்கு ஒரு மீற்றர் அளவான ஓரம் போதும், இரும்புப் பட்டறையில் செய்விக்கலாம், மூலைகள் சரியாக 90 பாகை இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மேல்நோக்கிய பாதையில் செய்மதி வடக்கே போய்க்கொண்டு வலப்பக்கம், அதாவது கிழக்கே பார்க்கும், ஆகவே வாய் மேற்குப் பக்கமாகத் திறந்திருக்க வேண்டும். கீழ்நோக்கிய பாதைக்குக் கிழக்குப் பக்கம். சரிவுக் கோணத்தைப் பதிவின் கோப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன். அடியில் துளை போடாவிட்டால் மாரித் தண்ணீர் தேங்கி எல்லாம் கெட்டுவிடும். பற்றையும் மாமரக் கிளையும் மறைக்காத வெட்டவெளியாக இருக்கட்டும், நிரப்பிய மண்ணில் ஒன்று, பாறை தெரிகிற இடத்தில் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். காணிக்காரரின் அனுமதியோடு வையுங்கள், பாதுகாப்புப் பகுதிகளுக்குக் கிட்ட வைக்க வேண்டாம், கிராம சேவகருக்கும் சொல்லி வையுங்கள்.

முதல் வரிசை வந்ததும், எந்தப் புள்ளியைக் குறிப்பாக எடுத்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.